செத்த காலேஜிலிருந்து கண்ணகி நகர்வரை

அத்தை பட்டணம் பார்க்க வந்தாள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரி. வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன்னால் மூணு தடவை சென்னைக்கு வந்திருக்கிறாள். மூணும் ஆஸ்பத்திரிக்கு. மூணாவது தடவை மாமாவை நடத்திக் கூட்டிவந்து பொணமாகத் திருப்பி எடுத்துப் போனாள். சும்மா பாக்கறதுக்குன்னு வருவது இதுதான் முதல் தடவை. எழும்பூரில் இறங்கியதுமே பட்டியலைச் சொல்லிவிட்டாள். செத்த காலேஜ், உயிர் காலேஜ், எம்.ஜி.ஆர். சமாதி, தி.நகரில் ஒரு பொடவை, கடைசியாகத் தங்கச்சி வூடு.

செத்த காலேஜ் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மியூசியத்துக்கு நம்ம ஜனங்கள் வைத்த பேர் அது. மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த உயிர் காலேஜைக் கொண்டுபோய் வண்டலூரில் வைத்து 1985இல் திறந்தார்கள். அதாவது அத்தை வந்த ரயில் அதைத் தாண்டித்தான் வந்தது. "அப்ப அது வுடு, செத்ததயே காட்டு" என்றாள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 22 வந்தாலும் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். 1639இல் வெள்ளைக்காரனுக்கு இந்த மணல்திட்டைக் கொடுத்த தேதி என்று கணக்கு. அந்த வாரம் பூராவும் தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். நானும் ரெண்டு தடவை பின்னாலேயே போயிருக்கிறேன். நான் போன ரெண்டு தடவையும் புளியந்தோப்புப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அத்தைக்குப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டும்போது நம்ம கணக்கில் காட்டுவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

மியூசியம் 1851இல் ஆரம்பித்தது. வருகிறவர்கள் எல்லாரும் நேராக வெண்கலச் சிலைகளுக்குப் போவார்கள். நான் அத்தையை அமராவதிக் கற்களுக்குக் கூட்டிப்போனேன். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபியின் பலகைகள். பெயர்த்ததில் ஒரு பங்கு கப்பலேறி லண்டனுக்குப் போனது, ஒரு பங்கு இங்கே கிடக்கிறது. ஒரு கல்லில் காலி ஆசனம், அதைச் சுற்றி ஜனங்கள் கைகூப்பி நிற்கிறார்கள்.

"ஆளே இல்லாத நாற்காலிய எதுக்குடா கும்புடறாங்க?"

புத்தருக்கு உருவம் செதுக்குவதற்கு முன்னால் அப்படித்தான் காட்டினார்கள் என்று சொன்னேன். வெறும் ஆசனம், பாதம், சக்கரம். "நம்ம ஊட்ல அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்துல இருக்கறாரே, அவரா?" என்று கேட்டு, அத்தையும் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றாள். காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மியூசியத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைமை அதிகாரியாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி 1909இல் ஏழு தொகுதி போட்டவர். மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தால் சாதியின் உயர்வு தாழ்வு தெரியும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரப் படிப்பு சொல்லிக்கொண்டிருந்தது. தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் அளந்தார், இந்த மியூசியத்திலேயே வைத்தும் அளந்தார். பறையர் மூக்கும் அளக்கப்பட்டது. செத்த பாம்பையும் செத்த புலியையும் பார்க்க வந்த நம்ம தாத்தாக்களில் சிலபேர் தாங்களே காட்சிப்பொருளாகித் திரும்பியிருப்பார்கள். அத்தை தன் மூக்கைத் தடவிக்கொண்டாள்.

"அளந்து இன்னா பண்ணான்?"

"பொஸ்தகம் போட்டான்."

"நெலம் அளந்து குடுத்திருந்தா புண்ணியமாப் போயிருக்கும்."

அத்தை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் பிறந்த செங்கல்பட்டு ஜில்லாவில்தான் 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதற்கப்புறம் 1892இல் நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அது கைமாறிப்போன கதையும், 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான கதையும் அத்தைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள்தான் எனக்குச் சொன்னவள்.

பாரிமுனைக்கு பஸ் ஏறினோம். அத்தைக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும் உண்டு. அதில் அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

பாரிமுனையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் 1892இல் கட்டி முடித்த ஹைகோர்ட்டு. ஹைகோர்ட்டு நிற்கிற பக்கம்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடித்தான், 1749இல் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சண்டையில், பீரங்கிக்கு மறைப்பாக எதுவும் இருக்கக் கூடாதென்று, கோட்டைக்கு எதிரே இருந்த கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். அந்தப் புதுக் கறுப்பர் நகரம்தான் பின்னால் ஜார்ஜ் டவுன் ஆனது. இந்த நகரத்தில் ஆளைக் கிளப்பி அனுப்புவது அப்போதே தொடங்கிய வேலை. கறுப்பர் நகரம் என்றாலும் கறுப்பர் எல்லாரும் அதில் ஒண்ணாக இல்லை. வலங்கைக்கு ஒரு தெரு, இடங்கைக்கு ஒரு தெரு என்று சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நமக்கு அதற்கு வெளியே. கம்பெனிக் காலத்து ஆவணங்களில் 'பெரிய பறைச்சேரி' என்று பேர் வருகிறது. சமையல்காரன், பட்லர், குதிரைக்காரன், சிப்பாய், ஆயா எல்லாம் அங்கேயிருந்துதான் கோட்டைக்கு வேலைக்குப் போனார்கள். துரை வீட்டு அடுப்பங்கரைவரை போகலாம், செட்டித் தெருவில் குடியிருக்க முடியாது.

மூக்கை அளந்த அதே தர்ஸ்டனின் தொகுதியில் இன்னொரு சேதியும் இருக்கிறது. கறுப்பர் நகரத்தின் காவல்தெய்வம் ஏகாத்தாள். அவளுக்கு வருஷத் திருவிழாவில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையாக நிற்பதற்கு ஒரு பறையரைத்தான் தேர்ந்தெடுப்பார்களாம். மண்ணுக்கு மூத்தவன் அவன் என்பது அந்தச் சடங்குக்குத் தெரிந்திருக்கிறது. இதை அத்தையிடம் சொன்னேன். ரோட்டில் நின்றபடியே சிரித்தாள். "தாலி கட்ட நம்மாளு, தளிகை துன்ன அவுங்களா? நம்மூர்லயும் அதாண்டா. பற அடிச்சாத்தான் ஆத்தா எறங்குவா. எறங்கனப்புறம் எட்டி நில்லும்பாங்க."

எதிரே பச்சையப்பன் மண்டபம் தெரிந்தது. கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள். அந்த அறக்கட்டளையின் கல்லூரி 1920களின் பிற்பகுதிவரை நம்ம பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. இதையும் சொன்னேன், அத்தைக்கு அதில் அதிக ஆர்வம் இல்லை. ரிப்பன் பில்டிங்கைப் பார்த்ததும்தான் நின்றாள். வெள்ளையாக எம்மாம்பெருசு! இந்தக் கட்டடத்து மேயர் நாற்காலியில் 1937இல் சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் என். சிவராஜும் உட்கார்ந்தார்கள், ரெண்டு பேரும் ஆதிதிராவிடர்கள். 2022இல் பிரியா என்ற வடசென்னைப் பெண் வந்தார், மேயரான முதல் தலித் பெண். "பொம்பளயா? நம்ம பொண்ணா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். சிவராஜின் மனைவி மீனாம்பாளைப் பற்றியும் சொன்னேன். 1938 பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்ததில் முன்நின்றவர் அவர். அத்தை, "அப்ப பேரு வெச்சதும் நம்மதானா" என்றாள்.

ரிப்பன் பில்டிங் வளாகத்தில் தியாகராயச் செட்டியாரின் சிலையும் நிற்கிறது. அதை அன்றைக்கு நான் காட்டவில்லை. சொல்வதற்கு முன்னால் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

வீடு புளியந்தோப்பில். இந்த இடத்தில் எங்கள் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தையின் தாத்தா, எனக்குக் கொள்ளுத்தாத்தா, பட்டணத்து மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி மதுராந்தகத்துப் பக்கம் வந்து, ஆண்டையிடம் பண்ணைக்குச் சேர்ந்துவிட்டார். அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தைதான்: 'எரிஞ்ச வருசம்'. எது எரிந்தது, யார் எரித்தது, அது எந்த வருஷம் எதுவும் தெரியாது. சமையலில் ஏதாவது கருகிப்போனால்கூட எங்கள் வீட்டில் 'எரிஞ்ச வருசம் மாதிரி நாறுது' என்பார்கள். எங்கள் அப்பா மறுபடியும் பட்டணத்துக்கே பிழைக்க வந்து, தெரிந்தோ தெரியாமலோ அதே புளியந்தோப்பில் குடிசை போட்டார். நான் படித்து, பழைய புத்தகங்களைப் புரட்டும்போதுதான் அந்த வருஷம் அகப்பட்டது. 1921.

பக்கிங்காம் மில் 1876இல் வந்தது, கர்னாடிக் மில் 1881இல். ரெண்டும் சேர்ந்து பின்னி கம்பெனியின் பி அண்ட் சி மில். 1918இல் இந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா, திரு.வி.க. என்று அந்த வரலாற்றை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1921 மே மாதம் கர்னாடிக் மில்லில் தகராறு தொடங்கியது, ஜூனில் பக்கிங்காம் மில்லும் நின்றது. அக்டோபர்வரை போனது. இந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மாதக்கணக்கில் அடிதடி, கல்வீச்சு, மறுபடி தீ. நம்மவர்களும் திருப்பி அடித்தார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். தொழிற்சங்க வரலாற்றில் இது தியாகத்தின் பக்கம். அதே பக்கத்தின் ஓரத்தில் நமக்கு ஒரு பேர் எழுதப்பட்டிருக்கிறது: கருங்காலி.

இந்தச் சொல்லை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். முதலாளிக்கு எதிராக நிற்பவனை விட்டு உள்ளே போவது சரி என்று நான் வாதாட வரவில்லை. வெள்ளைக்கார நிர்வாகம் நம்ம ஆட்களைப் பகடைக்காயாக வைத்து ஆடியது உண்மை. ஆனால் வேலைக்குப் போகாமல் நாலு மாசம் தாக்குப்பிடிக்க ஒருத்தனுக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் வேண்டும், அல்லது கடன் கொடுக்கிற சொந்தக்காரன் வேண்டும். நம்மாளுக்கு ஊர் என்றால் ஆண்டையின் பண்ணை. அங்கே திரும்பிப் போகக் கூடாதென்றுதானே மில்லுக்கு வந்தான்? கூடவே தறி ஓட்டுகிறவன் தண்ணிப் பானையைத் தனியாக வைத்துவிட்டு, வேலைநிறுத்தம் என்று வந்தபோது மட்டும் தோழா என்றால் அவன் எதை நம்பி வெளியே வருவான்? இந்தக் கேள்விக்குச் சங்க வரலாறுகளில் எனக்கு இதுவரை ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தையை மில் மதிலுக்குக் கூட்டிப்போனேன். 1996இல் மூடிவிட்ட மில். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள். "இங்கதான் உன் தாத்தா வேல பாத்தாரு அத்த. எரிஞ்ச வருசம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவத்தொண்ணு" என்றேன். கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை. குனிந்து மண்ணை எடுக்கப்போனாள், எல்லாம் சிமெண்டு. "அவுரு பயந்துகினு ஓடியாந்தாருன்னுதான் எங்கம்மா சொல்லும். கொளுத்தினா ஓடாம இன்னா பண்ணுவாரு" என்றாள்.

அப்புறம்தான் தி.நகர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பச்சைக் கரை வைத்த மஞ்சள் புடவை எடுத்தாள். ஜூஸ் குடிக்கும்போது சொன்னேன். இந்தத் தியாகராய நகர் யார் பேரில் இருக்கிறதோ அந்த நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார்தான், 1921 கலவரத்தின்போது, ஆதிதிராவிடர்களைப் பட்டணத்தைவிட்டே அப்புறப்படுத்திவிடலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொன்னவர். வீடு எரிந்தவனை ஊரைவிட்டு அனுப்பினால் அமைதி வரும் என்பது கணக்கு. அதே மனிதர்தான் 1920இல் மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சோறு போட ஆரம்பித்தவர், அந்தச் சோற்றில் நம்ம பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான். எம்.சி. ராஜா இதைச் சும்மா விடவில்லை. நீதிக்கட்சி ஆட்சி நம்மை நடத்திய விதத்தைக் கண்டித்து, 1923இல் அந்தக் கட்சியைவிட்டே வெளியேறினார். பறையர், பஞ்சமர் என்ற பேர்களை விட்டு ஆதிதிராவிடர் என்று அரசாங்கம் எழுத வேண்டுமென்று 1922இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான். இவற்றையெல்லாம் அத்தை கவனமாகக் கேட்டாள். கடைசியில் புடவைப் பையைத் தூக்கிப் பார்த்து, "திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவானா?" என்றாள். பிறகு, "சரி வுடு, வெல நல்ல வெல" என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

கடற்கரைக்கு ராயப்பேட்டை வழியாகப் போனோம். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியது இந்த ராயப்பேட்டையில்தான். எழும்பூரில் தர்ஸ்டன் நம்ம மூக்கை அளந்துகொண்டிருந்த காலத்தில், கூப்பிடு தூரத்தில் ஒருத்தர், நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்களைத் தாழ்த்தியது பின்னால் வந்த சூழ்ச்சி என்று வாராவாரம் அச்சடித்துக்கொண்டிருந்தார். 1914இல் அவர் இறந்தார். அவர் எழுத்துகளை அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்தபிறகுதான் என் வயசுக்காரர்கள் அவரைப் படித்தோம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் அவருக்குச் சிலை திறந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் நினைவிடமும் அங்கேதான். சீனிவாசன் பிறந்தது கோழியாளம், மதுராந்தகத்துக்குப் பக்கம். அத்தைக்கு ஊர் பேரைக் கேட்டதும் ஒரே பெருமை. 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தவர். பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எங்களை யாரும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தவர்.

கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன. வள்ளுவரிடம் நின்றேன். திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் கொடுத்து அச்சுக்கு வரச்செய்தவர் தன் பாட்டனார் கந்தப்பன், அவர் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். சமையல்கட்டு வழியாகக் குறள் வெளியே வந்தது. வள்ளுவருக்குச் சிலை உண்டு, எல்லிஸ் பேரைச் சொல்ல ஆய்வாளர்கள் உண்டு. கந்தப்பனுக்கு அயோத்திதாசர் எழுதிய அந்த வரிகள் உண்டு.

உழைப்பாளர் சிலையை அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். 1959இல் வைத்தது, ராய் சௌத்ரி செய்தது. நாலு ஆட்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். "நாலும் ஆம்பளயா இருக்குது. கல்லு சொமந்தவ எங்க?" என்றாள். எத்தனையோ மே தினத்துக்கு இந்தச் சிலைக்கு மாலை போட்டிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. எம்.ஜி.ஆர். சமாதியில் கடியாரச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தாள். கேட்டது என்று சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை.

மூணாம் நாள் சின்ன அத்தை வீட்டுக்குப் போனோம். சின்ன அத்தை முப்பது வருஷம் கூவம் கரையில் இருந்தவள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். எல்லாம் நடந்துபோகிற தூரம். ஒருநாள் அதிகாரிகள் லாரியோடு வந்தார்கள். பரீட்சைக்கு முன்னால் வேண்டாம் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் கெஞ்சினார்கள். சாமான்களோடு ஏற்றி, துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரில் இறக்கிவிட்டார்கள். 2000த்தில் தொடங்கிய குடியிருப்பு அது. பதினைந்தாயிரத்துக்கு மேல் வீடுகள். முதலில் கட்டியவை இருநூறு சதுர அடிகூடக் கிடையாது. அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளைக் காலிசெய்தபோது இன்னும் அதிகமானோரை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் நம்ம ஜனங்கள். கரையில் இருந்த பெரிய கட்டடங்கள் பல அங்கேயே நிற்கின்றன. சின்ன அத்தைக்குப் பழைய வேலை போனது. பஸ் பிடித்துப் போய்வரவே நாலு மணிநேரம் ஆகும்.

1921இல் செட்டியார் சொன்ன யோசனையை அன்றைக்கு வெள்ளைக்கார அரசாங்கம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எண்பது வருஷம் கழித்து, கலவரம் இல்லாமல், தீ வைக்காமல், வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற பேரில் அது நடந்தது. கடற்கரையிலிருந்து கண்ணகி சிலையை 2001இல் ஒரு ராத்திரி எடுத்தபோது தமிழ்நாடே கொதித்தது. 2006இல் திருப்பி வைத்தார்கள். கண்ணகி பேர் வைத்த நகரில் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களை யாரும் திருப்பி வைக்கவில்லை.

சுவரில் பெரிய பெரிய படங்கள் வரைந்திருக்கிறார்கள், அத்தைக்கு அவை பிடித்திருந்தன. மூணாம் மாடிக்கு ஏற முடியாமல் ஏறினாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுது முடித்தபிறகு, கொண்டுவந்த மல்லாட்டையையும் வேர்க்கடலை எண்ணெயையும் எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்து, "இதுக்கு அப்பால இன்னாடா?" என்று கேட்டாள்.

சதுப்பு நிலம், ஐ.டி. கம்பெனிகள், அதையும் தாண்டினால் செங்கல்பட்டு ஜில்லா என்றேன்.

"அப்ப நம்மூருக்குத்தான் கொண்டாந்து வுட வராங்க" என்றாள். சின்ன அத்தை சிரித்துவிட்டு, கீழே தண்ணி லாரி வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இன்னொரு குடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.